மாடி மாமாவின் டெனரில் ஏழு கசிவுகள்

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டின் மழைக்காலத்தில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பா எங்கள் மாடி ரூமை ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கு வாடகைக்கு விட்டார். அப்பாவைப் போலவே அவரிடமும் ஒரு டெனர் சாக்ஸபோன் இருந்தது.

2. அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட் விழுந்த ஒரு சனிக்கிழமை, ஹோட்டலில் தன் இடத்தில் வாசிக்க அவரை அனுப்பினார்.

3. அடுத்த சனிக்கிழமை ஹோட்டல் மேனேஜர் அப்பாவைப் பார்த்து, "இன்னிக்கு அவர் வரலையா சார்?" என்று கேட்டார்.

4. நான் ஒரு பரிசோதனை செய்தேன். முடிவை யாரிடமும் சொல்லவில்லை.

5. அப்பா அவருடைய டெனரை வாங்கிப் பார்த்து ஏழு இடத்தில் கசிவு கண்டுபிடித்தார். ஏழையும் அடைத்தார்.

6. ஹோட்டலில் டெனருக்கு இருந்த ஒரே நாற்காலி கை மாறியது.

நாலாவதில் நான் வாயைத் திறந்திருந்தால் ஐந்தாவது நடந்திருக்காது. ஆறாவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, ஷிப்ட் பார்க்கும் அப்பாக்களின் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் நாம். எந்த வாரம் வீட்டில் கத்தலாம், எந்த வாரம் டிவியைச் சத்தமில்லாமல் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அப்பாவின் ஷிப்ட் சொல்லும். லைனில் ஒருவருக்கு அவசரம் என்றால் இன்னொருவர் அவர் இடத்தில் நிற்பார். அடுத்த வாரம் இவர் அவருக்காக நிற்பார். அப்படி நின்றவர் அந்த இடத்தையே எடுத்துக்கொண்டார் என்று நாம் யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பா இந்தப் பழக்கத்தை அப்படியே ஹோட்டலுக்கும் கொண்டுபோனார்.

அவருக்கு வேலை கார் ரேடியேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில், லீக் டெஸ்டில். ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, உள்ளே காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார்கள். குமிழி வந்தால் சிவப்புக் கூடை. வராவிட்டால் பச்சைக் கூடை. நாள் முழுக்கக் குமிழிக்காகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். வீட்டுக்கு வரும்போது விரல் நுனிகள் ஊறி வெளுத்து, சுருங்கிப்போயிருக்கும். அந்த விரல்களோடுதான் டெனரை எடுப்பார்.

பென்னலூரில் எங்கள் சர்ச் பேண்டில் சின்ன வயதில் கற்றுக்கொண்ட வாசிப்பு. அப்பா வாசித்தால் ஒவ்வொரு சுரமும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வரும். மடிப்பு இருக்காது, கறை இருக்காது. நெடுஞ்சாலையில் ஜப்பான் இன்ஜினியர்கள் மாதக்கணக்கில் தங்குகிற ஒரு ஹோட்டல் இருந்தது. அவர்களுக்கு ஜாஸ் என்றால் உயிர். அதனால் சனிக்கிழமை மாலையில் லவுஞ்சில் ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், ஒரு டெனர். அந்த டெனர் இரண்டு வருடமாக அப்பா. சனிக்கிழமை மட்டும் அப்பா கருப்பு கோட் போடுவார். கம்பெனி பஸ்ஸில் போகிற அப்பா வேறு, கோட் போட்டு பைக்கில் போகிற அப்பா வேறு. இரண்டாமவர்தான் என் அப்பா என்று ஸ்கூலில் சொல்லிவைத்திருந்தேன்.

மாடி மாமா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், தலையணை உறையில் சுற்றிய சாக்ஸபோன், இவ்வளவுதான் சாமான். கேஸ் கிடையாது. மேல்பூச்சு முழுக்கப் போய், பித்தளை பழைய குத்துவிளக்கு நிறத்தில் இருந்தது. விரலால் அழுத்தும் சாவிகளில் ஒன்றின் ஸ்பிரிங் உடைந்த இடத்தில் ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து அம்மாவிடம் சொன்னார்:

"அதெல்லாம் ஒரு பீஸா? பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்."

அன்று சாயந்திரம் மாடியில் அவர் வாசித்தார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? முதலில் மூச்சு மட்டும் வந்தது. தண்டலம் ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது பிரேக்கிலிருந்து காற்று இறங்குமே, அதைவிட மெதுவாக. அந்த மூச்சுக்குள்ளிருந்து சுரம், யாரோ இருட்டில் கதவைத் திறந்துகொண்டு வருவதுபோல வந்தது. நேராக நின்றது. ஆடவில்லை. முடியப்போகும் நேரத்தில் மட்டும் லேசாக நடுங்கி அடங்கியது. கீழ்ச் சுரத்துக்கு இறங்கியபோது எங்கள் சமையலறை ஷெல்ஃபில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று தானாக 'ங்' என்றது. அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

அப்பாவும் நிறுத்திவிட்டார். சாப்பிடுவதை.

"தாளத்துக்கே வர்ல பாரு," என்றார். "பஸ்ஸு போனப்புறம் ஓடியாந்து ஏர்றவன் மாதிரி வாசிக்கிறான்."

"ஏறிட்றாரு இல்ல?" என்றாள் அம்மா.

அது உண்மை. தாளம் முன்னால் போய்விடும். இவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். விழுந்துவிடுவார் என்று நமக்குப் பதைக்கும். விழ மாட்டார். அப்பா நாலு சுரம் வைக்கிற இடத்தில் இவர் ஒன்றை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவைத்தான் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் அப்பா படிக்கட்டிலேயே அவரை நிறுத்திக் கேட்டார். "எங்க கத்துக்கினப்பா இத?"

"கப்பல்ல அண்ணாச்சி. மூணு வருசம் லாண்டரில கெடந்தேன். மேல ஹால்ல ஒரு பெரியவரு டெனர் வாசிப்பாவ. அவிய மொகத்த நான் பாத்ததே இல்ல. ஏசி கொழா வழியா சத்தம் கீழ வரும். பாதிதான் வரும், மீதிய வாசிங் மெசினு தின்னுரும். வந்த பாதியத்தான் படிச்சேன்."

"அப்போ அந்த மீதி?"

"அது எனக்குத் தெரியாதுல்லா. அந்த எடத்துல சும்மா இருந்துருவேன்."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்பா அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கிக்கொண்டு வந்தால், போன ஒரு மார்க்கைத் தேடுகிறவர் அப்பா. பாதி தெரியாது என்று சொல்லி நிற்கிற ஆளை, ஏதோ கிடைக்காத பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. கம்பெனியில் ஆடிட் நடக்கிற வாரம், செகண்ட் ஷிப்டை மாற்றிக்கொள்ள விடவில்லை. அப்பா மாடி மாமாவைக் கூப்பிட்டுத் தன் கோட்டைக் கொடுத்தார். அது மாமாவின் தோளில் தொங்கியது, கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "ஒரு வாட்டி நின்னு குடுப்பா. நாளைக்கு உனுக்கு நான் நிக்கிறேன்."

அதற்கடுத்த வாரம்தான் மேனேஜர் அந்தக் கேள்வியைக் கேட்டது. அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் அதே மேஜையில் உட்காரும் ஒரு ஜப்பான் சார், அப்பா வாசித்து முடித்ததும் எழுந்து வந்து, ஆங்கிலத்தில் நாலே சொல்லில், போன வாரம் வந்தவர் எங்கே என்று விசாரித்தாராம். மிகவும் மரியாதையாக, குனிந்து. அப்பா அதை அம்மாவிடம் சொன்னபோது அவரும் குனிந்து காட்டினார்.

அம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "இன்னாத்துக்கு இவ்ளோ காண்டு உங்களுக்கு? நீங்கதான அனுப்ச்சீங்க?"

"காண்டு இல்லடி. அது சவுண்டே இல்ல. பாதி காத்து போவுது. ரேடியேட்டரா இருந்தா செவப்புக் கூடைல போட்டிருப்பேன்."

இதற்குப் பிறகு ஒரு நாள் நான் ஸ்கூலிலிருந்து சீக்கிரம் வந்தேன். உள் ரூமில் அப்பா தனியாக டெனரோடு உட்கார்ந்திருந்தார். முதலில் மூச்சை விட்டு, பிறகு சுரத்தைக் கொண்டுவரப் பார்த்தார். சளி பிடித்தவர் இருமுவது மாதிரி வந்தது. மறுபடி. மறுபடியும் இருமல். நான் பின்பக்கமாகவே வெளியே போய், செருப்பைத் தரையில் உரசிச் சத்தம் செய்துகொண்டு முன்வாசல் வழியாக வந்தேன். நான் வருவதற்குள் டெனர் கேஸுக்குள் போயிருந்தது. கேஸின் உள்ளே இருந்த நீல வெல்வெட்டில் ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது. வியர்வையாக இருக்கும்.

அன்றைக்கு மாடி மாமாமேல் எனக்குப் பொறாமை வந்தது. என் நோட்டில் எழுதினேன்.

மாடி மாமா சவுண்டு – காரணங்கள். ஒன்று, பழைய பீஸ். இரண்டு, ரப்பர் பேண்ட். மூன்று, மாடி ரூமில் சாமான் இல்லை, எதிரொலிக்கிறது. நான்கு, அவர்.

நான்காவதை எழுதிய வேகத்திலேயே அடித்தேன்.

இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஒரு வண்டியில் கோளாறு என்றால் சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றி நல்ல வண்டியில் மாட்டிப் பார்ப்போம். கோளாறு பாகத்தோடு போகிறதா, வண்டியிலேயே நிற்கிறதா? யாரும் சொல்லித்தராமல் இதைத்தான் பதினொரு வயதில் செய்தேன்.

அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். மாடி மாமா இறங்கி வந்தார். "பாப்பா, ரப்பர் பேண்டு ஒண்ணு கெடைக்குமா? அத்துப் போச்சு."

"இல்ல மாமா. எங்க டெனர்ல வேணா வாசிங்க."

"அப்பா வைவாவளே."

"நான் சொல்ல மாட்டேன்."

அவர் கேஸின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டுதான் திறந்தார். பளபளவென்ற எங்கள் டெனர். ரப்பர் பேண்ட் இல்லை. எங்கள் ஹாலிலோ பீரோ, கட்டில், தையல் மெஷின், துணி மூட்டை, எதிரொலிக்க இடமே இல்லை. என் மூன்று காரணங்களும் போய்விட்ட இடத்தில் அவர் ஊதினார்.

முதலில் மூச்சு. அப்புறம் சுரம், இருட்டில் கதவைத் திறந்துகொண்டு. எங்கள் பீரோவின் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா இரண்டு வருடமாகத் துடைத்து, எண்ணெயிட்டு, குழந்தையைப் போல வைத்திருந்த டெனர் ஒரே நிமிடத்தில் அவர் குரலில் பேசியது. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அப்பாவிடம் அது இப்படிப் பேசியதே இல்லை.

"நல்ல பீஸு பாப்பா," என்றார் அவர். "ரொம்ப நல்லா வச்சிருக்காவ அப்பா."

அவர் போனதும் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து, வாசலில் ஓடிக்கொண்டிருந்த மழைத் தண்ணீரில் விட்டேன். கம்பெனிப் பக்கமாக மிதந்து போனது.

மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இனி வாரத்துக்கு ஒரு ஆள் என்பது வேண்டாம், வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் வந்து வாசிக்கட்டும், கிறிஸ்துமஸிலிருந்து ஒருவர்தான். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா மாடி ஏறினார்.

"உன் பீஸக் குடுப்பா, சர்வீஸ் பண்ணித் தர்றேன். இந்த நெலமைல எட்த்துகினு ஹோட்டலுக்குப் போவாத."

மாடி மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி செரமம்?"

ஜன்னலையும் கதவையும் அடைத்து உள் ரூமை இருட்டாக்கினோம். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு வாங்கிய சீரியல் லைட்டிலிருந்து ஒரு பல்பைப் பிரித்து, வயரில் கட்டி, டார்ச் பேட்டரியில் இணைத்து, அப்பா டெனரின் வாய்க்குள் இறக்கினார். பிறகு சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். நன்றாக மூடிய ஓட்டையில் இருட்டு. மூடாத இடத்தில், மூடியின் ஓரத்தில் மஞ்சளாக, நகம் அளவுக்குப் பிறை. டெனரை நான்தான் மடியில் தாங்கிப் பிடித்திருந்தேன். டீசலும் தேங்காயெண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை அதற்கு.

"எழுதிக்கோ. வலது கை, ரெண்டாவது மூடி. லீக்கு. அடி மூடி. லீக்கு. அய்யோ, இது பாரு, எவ்ளோ பெருசு!"

ஏழு. ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் குரல் ஒரு படி ஏறியது. தொட்டியில் குமிழியைப் பார்த்துவிட்ட குரல்.

"பார்த்தியா? அவன் சவுண்டு இன்னான்னு கண்டுபுட்ச்சிட்டேன். வெறும் லீக்கு! இத்த அடச்சா அவனும் எல்லார் மாதிரிதான்."

இல்லப்பா என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. வைவார் என்று பயந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் காரணம் அது இல்லை. சொல்வதென்றால், நம் டெனர் அவர் வாயில் அப்படிப் பேசியது, உன் வாயில் பேசவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை என் வாயால் சொல்லி மாடி மாமாவை ஜெயிக்க வைக்க எனக்கு மனம் இல்லை. இன்னொன்றும் உண்டு. அப்பா சொல்வது சரியாக இருக்கட்டும், என் காது பொய்யாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு சாயந்திரம் அப்பா வேலை பார்த்தார். மூடியை லைட்டரால் சூடாக்கி, உள்ளிருக்கும் தோல் பேடை ஒரு மயிரிழை நகர்த்தி, ஆறும் வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். உடைந்த ஸ்பிரிங்குக்குத் தையல் ஊசியை வளைத்துப் போட்டார். ரப்பர் பேண்ட் குப்பைக்குப் போனது. கடைசியில் பல்பை இறக்கியபோது ஒரு பிறைகூட இல்லை. முழு இருட்டு. அவ்வளவு நேர்த்தியான வேலையை அப்பா தன் டெனருக்கே செய்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நானும் அம்மாவும் லவுஞ்சின் பக்கவாட்டுக் கதவருகே, தட்டுகள் போகிற வழியில் நின்றோம். கால் புதைகிற கார்ப்பெட். காதுமடல் சில்லிடும் ஏசி. ஒரே மெதுவான பாட்டை இரண்டு பேரும் வாசிக்க வேண்டும். அப்பா முதலில். ஒரு பிசிறு இல்லை. கை தட்டினார்கள். ஜப்பான் சாரும் தட்டினார்.

பிறகு மாடி மாமா. அப்பா கை கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றார். குமிழிக்காகக் காத்திருக்கிற நிற்பு.

மூச்சு வந்தது. முன்பு வந்ததைவிட மெதுவாக, முன்பைவிட நீளமாக. பிறகு சுரம். அது எங்கே தொடங்கியது என்று காட்ட முடியாதபடி வந்தது. கீழ்ச் சுரங்களுக்கு இறங்கினார். முன்பெல்லாம் அங்கே கொஞ்சம் முக்குவார், இப்போது உட்காருவதுபோல் இறங்கினார். சும்மா இருக்கிற இடங்களில் இன்னும் அதிக நேரம் சும்மா இருந்தார். ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு போன அண்ணன் என் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். ஜப்பான் சார் கை தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேனேஜர் அதைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது.

மாடி மாமா நேராக அப்பாவிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, இத்தன வருசமா பாதி மூச்ச அந்த ஓட்டைக்கே குடுத்துட்டு இருந்திருக்கேன். இப்ப முழுசும் எனக்கே கெடைக்கி. இது நீங்க வாசிச்சது."

"நல்லா வாசிச்சப்பா," என்றார் அப்பா. சரியான அழுத்தத்தில், தெளிவாக.

திரும்பும்போது தூறல். பைக்கில் நான் நடுவில். அப்பாவின் கோட் என் முகத்தில் ஈரமாக உரசியது. சிக்னலில் நின்றபோது அவர் யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

"எல்லா லீக்கையும் அடச்சனே."

அம்மா பின்னாலிருந்து கையை நீட்டி என்னையும் சேர்த்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடி மாமா ரப்பர் பேண்ட் கேட்டு வந்தது, நான் கேஸைத் திறக்கச் சொன்னது, நம் டெனர் அவர் குரலில் பேசியது. இத்தனை வருடம் கழித்து இதை ஒரு கதையாகக் கேட்பார் என்று நினைத்தேன். அப்பா டீயைக் கீழே வைத்தார். முகம் அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டு ரூமில் இருந்ததுபோல் மாறியது.

"வாய்ல வெச்சி ஊதுற மவுத்பீஸு யார்து? நம்முளுதா, அவன் எட்த்துகினு வந்தானா?"

"கவனிக்கலப்பா."

"அதான பார்த்தேன். மவுத்பீஸுதான் விஷயமே. அத்த எட்த்துகினு வந்திருப்பான். லீக்குன்னு நெனச்சி ஏமாந்துட்டேன்."

இப்போதைய நிலை இது. மாடி மாமா ஃபோர்க்லிஃப்ட்டை விட்டுப் பல வருடம் ஆகிறது. சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் வாசிக்கிறார். நான் இதுவரை கேட்கப் போகவில்லை. அப்பா ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிக்கிறார். இந்த மாதத்தில் மட்டும் மூன்று மவுத்பீஸ் வரவழைத்து ஊதிப் பார்த்துவிட்டார். நாலாவது வரப்போகிறது. ரப்பர் பேண்ட் கேட்டு வந்த அன்று மாடி மாமா எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தார். வாசித்தது அப்பாவின் மவுத்பீஸில். முடித்ததும் குழாயடியில் கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.